காளான் கேப்சூல், காளான் குழம்பு, கொழுப்பு மாத்திரை: ரத்தக் குழாய்க்கு எது காவல்?

ஐம்பதைத் தொட்ட ஒருவருக்கு ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 150க்கு மேல் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் தினம் ஒன்று என்று ஒரு மாத்திரையை எழுதித் தருகிறார். வீட்டுக்கு வந்தால் உறவினர் ஒருவர் புட்டியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்: "அந்த மாத்திரையைத் தொட்டுவிடாதீர்கள், கல்லீரல் போய்விடும். இந்தக் கனோடெர்மா காளான் கேப்சூலை ஆறு மாதம் போடுங்கள், அடைப்பே கரைந்துவிடும்." இணையத்தில் தேடினால், பூஞ்சையால் நொதிக்கவைத்த சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று இன்னொரு வழி கிடைக்கிறது. இதற்கிடையில் வீட்டு அம்மாள், கேப்சூலுக்குக் கொடுக்கிற காசில் வாரா வாரம் சிப்பிக் காளானே வாங்கிச் சமைக்கலாமே என்கிறார். நான்கு பேர், நான்கு யோசனை.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காளானைத் தட்டில் வையுங்கள். கேப்சூலைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். சிவப்பு ஈஸ்ட் அரிசிப் பக்கம் போக வேண்டாம். மாத்திரை தேவைப்படுகிற உடம்பு என்றால் மாத்திரையைப் போடுங்கள். பூஞ்சை இனத்தின் மீது எனக்கு எந்த அவநம்பிக்கையும் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் தமனி நோய்க்குக் கிடைத்த மிகப் பெரிய மருந்தே பூஞ்சையிலிருந்துதான் வந்தது. மருத்துவர் எழுதித் தந்த அந்தச் சின்ன மாத்திரைதான் அது. "இயற்கையான காளானா, ரசாயன மாத்திரையா" என்று கேட்கிறவர்கள் இந்தக் கதையை அறியாமல் கேட்கிறார்கள்.

ஜப்பானின் அகிடா மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அகிரா எண்டோ. சிறு வயதிலிருந்தே காளான்கள் மீதும் பூஞ்சணங்கள் மீதும் அவருக்குத் தீராத ஆர்வம். சாங்க்யோ மருந்து நிறுவனத்தில் சேர்ந்தவர், 1971இல் ஒரு வினோதமான தேடலைத் தொடங்கினார். நம் கல்லீரல் கொலஸ்ட்ராலைத் தயாரிக்க ஒரு நொதி தேவை. சில நுண்ணுயிர்களுக்கும் அதே நொதிவழி இன்றியமையாதது. அப்படியானால் எதிரிகளை விரட்ட அந்த நொதியை முடக்கும் பொருளைத் தயாரிக்கிற பூஞ்சை ஏதாவது இருந்தாக வேண்டும் என்று அவர் கணித்தார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிர்களைச் சலித்த பிறகு, கியோட்டோவில் தானியக் கடை அரிசியிலிருந்து எடுத்த ஒரு நீலப்பச்சைப் பூஞ்சணத்தில், பெனிசிலியம் சிட்ரினத்தில், 1973இல் காம்பாக்டின் என்ற பொருள் கிடைத்தது. ஸ்டாட்டின் என்ற கொழுப்புக் குறைப்பு மருந்து வகையில் அதுதான் முதலாவது. சில ஆண்டுகளில் அமெரிக்காவின் மெர்க் நிறுவனம் ஆஸ்பெர்ஜில்லஸ் டெரியஸ் என்ற வேறொரு பூஞ்சணத்தில் லோவாஸ்டாட்டினைக் கண்டெடுத்தது. 1987இல் அது அமெரிக்காவில் மருந்தாக அங்கீகரிக்கப்பட்டது. இன்று நம் ஊர் மருந்துக் கடையில் கிடைக்கும் அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் ஆலையில் முழுமையாகத் தொகுக்கப்படுபவை என்றாலும், அவை முடக்குவது அதே நொதியைத்தான். எண்டோ 2024 ஜூன் மாதம் தொண்ணூறு வயதில் மறைந்தார்.

எனவே நம் முன்னால் இருக்கும் நான்கு வழிகளுமே பூஞ்சைக் குடும்பத்தோடு தொடர்புள்ளவை. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. உள்ளே போகிற பொருளின் அளவு எனக்குத் தெரியுமா? அதை உட்கொண்ட மனிதர்களுக்கு மாரடைப்பு குறைந்ததா என்று யாராவது எண்ணிப் பார்த்தார்களா?

ஆய்வகத்தில் ஜெயிக்கும் சாறு

காளான் சாறுகளை ஆராய்பவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். தமனி நோய் எப்படி வளர்கிறது என்பதைப் பார்த்தால் அவர்களுடைய ஆர்வம் புரியும். எல்டிஎல் துகள்கள் தமனியின் உள்சுவருக்குள் நுழைந்து தங்குகின்றன. அங்கே அவை ஆக்ஸிஜனேற்றம் அடைகின்றன. உடலின் காவல் செல்கள் அவற்றை விழுங்கிப் பருத்து, அழற்சி மூண்டு, கொழுப்புப் படிவு உருவாகிறது. ஒரு நாள் அந்தப் படிவின் மூடி கிழிய, மேலே ரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது. இந்த வரிசையில் ஏறக்குறைய ஒவ்வொரு படியிலும் கைவைக்கிற ஏதோ ஒரு பொருள் காளான்களில் இருக்கிறது. சிப்பிக் காளானில் இயற்கையாகவே கொஞ்சம் லோவாஸ்டாட்டின் உண்டு. ஜப்பானியர் விரும்பி உண்ணும் ஷிடாக்கேயில் எரிடாடெனின் என்ற பொருள் இருக்கிறது. அது எலிகளில் கொலஸ்ட்ராலை நன்றாகவே குறைக்கிறது. ரெய்ஷி எனப்படும் கனோடெர்மாவின் கசப்புக்குக் காரணமான ட்ரைடெர்பீன்கள் செல் வளர்ப்புச் சோதனைகளில் அழற்சியைத் தணிக்கின்றன. மலாயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாம்பல் நிறச் சிப்பிக் காளானின் சாறு எல்டிஎல் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுப்பதையும் ரத்தக் குழாய்ச் செல்களைக் காப்பதையும் ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவும் உண்மைதான். ஆனால் ஆய்வகத்தில் ஜெயித்த எத்தனையோ பொருள்கள் மனித உடம்பில் தோற்றிருக்கின்றன. ஆக்ஸிஜனேற்றத் தடுப்பிகள் விஷயத்தில் இது அப்பட்டமாகவே நடந்தது. சோதனைக் குழாயில் எல்டிஎல்லைக் காப்பதில் வைட்டமின் ஈ அசகாயசூரன். அதை நம்பி உலகமே வைட்டமின் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில் பிரிட்டனில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2002இல் முடிவுகள் வெளியான அந்த இதயப் பாதுகாப்பு ஆய்வில் 20,536 பேர் பங்கேற்றார்கள். ஒரே ஆய்வுக்குள் இரண்டு சோதனைகள். சிம்வாஸ்டாட்டின் போட்டவர்களையும் வெற்று மாத்திரை போட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். அதே ஆட்களிடையே வைட்டமின் ஈ, வைட்டமின் சி, பீட்டா கரோட்டின் மூன்றும் சேர்த்துப் போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தால், ஸ்டாட்டின் போட்டவர்களிடையே மாரடைப்பும் பக்கவாதமும் ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருந்தன. வைட்டமின் போட்டவர்களின் ரத்தத்தில் வைட்டமின் அளவு நன்றாக ஏறியிருந்தது. வேறு எதுவும் மாறவில்லை.

காளான் கேப்சூலின் விளம்பரத்தில் "ஆக்ஸிஜனேற்றத் தடுப்பி நிறைந்தது" என்ற வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வருகிறது. அந்த வரி பொய்யல்ல. அதனால் தமனிக்கு நன்மை என்று சொல்லத்தான் ஆதாரம் போதாது.

கனோடெர்மா: மனிதர்களிடம் என்ன கண்டார்கள்

சீனத்தின் பழைய மருந்து நூல்கள் ரெய்ஷியை மிக உயர்ந்த வகை மூலிகைகளோடு சேர்த்து வைத்திருக்கின்றன. சீன ஓவியங்களில் அது நீண்ட ஆயுளின் சின்னம். நம் பக்கத்தில் அது பரவியது மலேசியா வழியாக வந்த நேரடி விற்பனை வலைப்பின்னல்களால்தான். காபித் தூளில் கலந்தும், பற்பசையில் சேர்த்தும், கேப்சூலாக அடைத்தும் விற்றார்கள். விற்பவர் பெரும்பாலும் நமக்கு வேண்டியவராகவே இருப்பார் என்பது இந்த வணிகத்தின் சாமர்த்தியம். மறுத்தால் மனத்தாங்கல்.

மருத்துவச் சான்றுகளை எடைபோடும் காக்ரேன் அமைப்பு, மனிதச் சோதனைகளைத் தொகுத்துச் செய்த மதிப்பாய்வு 2015இல் வெளியானது. உலகம் முழுவதும் தேடியும் சேர்த்துக்கொள்ளத் தகுந்த சோதனைகளாக ஐந்துதான் தேறின. அவற்றில் பங்கேற்றவர்கள் மொத்தம் 398 பேர். நீரிழிவு உள்ளவர்களின் இதய நோய் அபாயக் காரணிகளுக்குக் கனோடெர்மாவைப் பயன்படுத்த ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு. மறு ஆண்டு ஆஸ்திரேலியக் குழு ஒன்று தன் சோதனையின் முடிவை வெளியிட்டது. நீரிழிவும் வளர்சிதைமாற்றக் கோளாறும் உள்ள 84 பேர். ஒரு பிரிவுக்குக் கனோடெர்மா, இன்னொரு பிரிவுக்குக் கனோடெர்மாவோடு கார்டிசெப்ஸ், மூன்றாவது பிரிவுக்கு வெற்று கேப்சூல். 16 வாரம் கழித்துச் சர்க்கரை அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. கார்டிசெப்ஸ் என்பது இமயமலையில் கிலோ லட்சக்கணக்கில் விலை போகிற கீடா ஜடிதான். அவ்வளவு விலையுள்ள பொருளைச் சேர்த்தும் பலன் அதேதான்.

மாரடைப்பு குறைகிறதா, ஆயுள் கூடுகிறதா என்று ஆயிரக்கணக்கானவர்களை ஆண்டுக்கணக்கில் கண்காணித்த பெரிய சோதனை எந்த மருத்துவக் காளான் சாற்றுக்கும் என் பார்வையில் பட்டதில்லை. "அடைப்பைக் கரைக்கும்" என்று சொல்பவரிடம், யாருடைய அடைப்பை, எந்த ஆஞ்சியோகிராமில் பார்த்தார்கள் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரிந்த ஒருவரின் மாமனாரில் போய் நிற்கும்.

சரி, பலன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே என்பார்கள். அதிலும் சிக்கல் இருக்கிறது. கனோடெர்மாவுக்கு ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் தன்மை இருக்கலாம் என்பதால், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகளோடு சேரும்போது ரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்தை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். இந்த மாத்திரைகளைப் போடுகிறவர்கள் யார்? ஏற்கெனவே அடைப்புக்குச் சிகிச்சை பெற்றவர்கள். கேப்சூல் விற்பவர் முதலில் தேடிப் போவதும் அவர்களைத்தான். கனோடெர்மாத் தூள் உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. சாகா எனப்படும் இன்னொரு காளானில் ஆக்ஸலேட் மிகுதி. அதை நீண்ட நாள் சாப்பிட்டுச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி ஜப்பானிய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அரிதான நிகழ்வுகள்தான். ஆனால் பலன் நிரூபிக்கப்படாத ஒன்றுக்காக அரிதான ஆபத்தையும் ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது தனிக் கதை. அமெரிக்காவில் விற்ற 19 ரெய்ஷிப் பொருள்களை வாங்கிச் சோதித்த ஆய்வு 2017இல் வெளியானது. லேபிளில் சொன்னபடி உண்மையான ரெய்ஷியின் வேதிக் கையொப்பம் இருந்தவை 5 மட்டுமே. பல நிறுவனங்கள் முழுக் காளானைப் பயன்படுத்துவதில்லை. தானியத்தின் மேல் பூஞ்சை இழையை வளர்த்து, அந்தத் தானியத்தோடு சேர்த்தே அரைத்துவிடுகின்றன. அப்போது "பாலிசாக்கரைடு 40 சதவீதம்" என்று லேபிள் பெருமையாகச் சொல்வதில் ஒரு பகுதி வெறும் மாவுச்சத்தாகவே இருக்கலாம். அதோடு காளான்கள் வளரும் மண்ணிலும் மரத்திலும் உள்ள காட்மியம், ஈயம் போன்ற கன உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்பவை. சாறாகச் செறிவூட்டும்போது அந்தக் கவலையும் கூடவே வருகிறது. இந்தியாவில் இவை மருந்து உரிமத்தில் வராமல் பெரும்பாலும் உணவுத் துணைப்பொருள் என்ற வகையில்தான் விற்பனையாகின்றன. அந்த வகைப் புட்டியில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். விற்பவர் வாயால் சொல்வதற்கும் புட்டி சொல்வதற்கும் இடையில் எது சரி என்று கேட்டால், புட்டி.

பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்தின் பெயரையும் இங்கே கவனிக்க வேண்டும். ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள பீட்டா குளுக்கான் தினம் 3 கிராம் அளவில் எல்டிஎல்லைக் குறைக்கும் என்பது நன்றாக நிறுவப்பட்ட செய்தி. இதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று ஓட்ஸ் லேபிளில் எழுத அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இலேயே அனுமதி கொடுத்தது. காளானில் இருப்பதும் பீட்டா குளுக்கான்தான், ஆனால் அதன் பிணைப்பு அமைப்பு வேறு. ஓட்ஸில் உள்ளது தண்ணீரில் கரைந்து கொழகொழப்பாகிக் குடலில் பித்த உப்புகளைப் பிடித்து வெளியேற்றுகிறது. அதுதான் கொலஸ்ட்ரால் இறங்கும் சூட்சுமம். காளானில் உள்ளதில் பெரும்பகுதி அப்படிக் கரைவதில்லை. பெயர் ஒன்றாக இருப்பதை வைத்துக்கொண்டு ஓட்ஸின் சான்றிதழைக் காளான் புட்டியில் ஒட்டிவிடுகிறார்கள். ஒரு கிண்ணம் பார்லிக் கஞ்சி இந்த விஷயத்தில் எந்தக் கேப்சூலையும் மிஞ்சும், விலையும் மலிவு.

சிவப்பு ஈஸ்ட் அரிசி: லேபிள் இல்லாத ஸ்டாட்டின்

இது நம் மாப்பிள்ளைச் சம்பா போன்ற சிவப்பரிசி அல்ல. சோற்றரிசியின் மேல் மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை வளர்த்து நொதிக்கவிட்டது. சீனாவில் உணவுக்கு நிறமூட்டவும் மருந்தாகவும் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. 1979இல் அதே அகிரா எண்டோ மொனாஸ்கஸிலிருந்து மொனாகோலின் கே என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். மெர்க் நிறுவனத்தின் லோவாஸ்டாட்டினும் இதுவும் ஒரே மூலக்கூறு என்று பிறகு தெரிந்தது.

ஆகவே இது வேலை செய்யும். ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டாக வேண்டும். சீனாவில் மாரடைப்பிலிருந்து மீண்ட 4,870 பேருக்கு, தரப்படுத்தப்பட்ட சிவப்பு ஈஸ்ட் அரிசிச் சாறு கொடுத்து நடத்திய ஆய்வில் மீண்டும் மாரடைப்பு வருவது கணிசமாகக் குறைந்தது. "இயற்கை வழி" என்று சொல்லப்படுபவற்றில் இவ்வளவு கனமான மனிதச் சான்று உள்ளது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

ஆனால் அந்தச் சீனத் தயாரிப்பும் நாம் இணையத்தில் வாங்கும் புட்டியும் ஒன்றல்ல. அமெரிக்காவில் 12 தயாரிப்புகளைச் சோதித்துப் பார்த்தபோது ஒரு கேப்சூலில் மொனாகோலின் கே 0.1 மில்லிகிராமிலிருந்து 10 மில்லிகிராம் வரை இருந்தது. நூறு மடங்கு வித்தியாசம். சிலவற்றில் சிட்ரினின் என்ற சிறுநீரக நஞ்சும் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் நாளொன்றுக்கு 3 மில்லிகிராமுக்கும் குறைவாகவே மொனாகோலின் இருக்க வேண்டும் என்று வரம்பு கட்டியது. அதன் பிறகு 2024 மார்ச்சில் ஜப்பானில் நடந்ததைச் செய்தித்தாள் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொபயாஷி மருந்து நிறுவனம் கொலஸ்ட்ரால் குறைக்க விற்ற பெனி-கோஜி (சிவப்பு ஈஸ்ட் அரிசியின் ஜப்பானியப் பெயர்) மாத்திரையால் நூற்றுக்கணக்கானவர்கள் சிறுநீரகப் பாதிப்போடு மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். தயாரிப்பின்போது புகுந்த வேறொரு பூஞ்சணம் உண்டாக்கிய பியூபெருலிக் அமிலம் அதில் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. தரக் கட்டுப்பாட்டுக்குப் பேர்போன நாட்டிலேயே இந்த நிலை.

"ஸ்டாட்டின் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் சிவப்பு ஈஸ்ட் அரிசிக்கு மாறினேன்" என்று சொல்கிறவர்களின் தர்க்கம் எனக்குப் புரிவதே இல்லை. இரண்டும் ஒரே மூலக்கூறு வகை. மாத்திரையில் இருப்பது எத்தனை மில்லிகிராம் என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். மற்றதில் அது குலுக்கல் சீட்டு.

தட்டில் உள்ள காளான்

இங்கேதான் எனக்கு உற்சாகம். கோவை வேளாண் பல்கலைக்கழகம் சிப்பிக் காளானையும், ஏபிகே 2 என்ற பால் காளான் ரகத்தையும் விவசாயிகளிடம் பரப்பியதிலிருந்து, வைக்கோலும் குடிசையும் இருந்தால் யாரும் வளர்க்கலாம் என்ற நிலை வந்துவிட்டது. அவை இன்று சிறு நகரங்களிலும் கிடைக்கின்றன. கொழுப்பு மிகக் குறைவு, நார்ச்சத்து உண்டு, பொட்டாசியம் உண்டு. வாரத்தில் இரண்டு நாள் ஆட்டுக்கறிக்குப் பதிலாகக் காளான் குழம்பு என்றால் நிறைவுற்ற கொழுப்பு குறைகிறது. அந்த மாற்றத்தால் வரும் நன்மை காளானின் ரகசியப் பொருள் எதையும் நம்பியிருக்கவில்லை.

ரகசியப் பொருளும் ஒன்று உண்டு என்று வையுங்கள். எர்கோதியோனின். மனித உடம்பால் இதைத் தயாரிக்க முடியாது, ஆனால் உணவிலிருந்து எடுத்துச் செல்களுக்குள் கொண்டுபோகத் தனி வாகனப் புரதமே நம்மிடம் இருக்கிறது. வேண்டாத பொருளுக்கு உடம்பு இப்படி ஏற்பாடு செய்து வைக்குமா என்பது ஆய்வாளர்களைக் குடையும் கேள்வி. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பாரி ஹாலிவெல் குழுவினர் ஆண்டுக்கணக்கில் இதன் பின்னால் இருக்கிறார்கள். ஸ்வீடனின் மால்மோவில் 3,236 பேரின் ரத்தத்தை ஆராய்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்ததில், எர்கோதியோனின் அதிகம் இருந்தவர்களுக்கு இதய நோயும் மரணமும் குறைவாக இருந்தன. 2020இல் வெளியான இந்தச் செய்தியைக் கேப்சூல் வணிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களையும் மற்ற மருத்துவத் துறையினரையும் நெடுங்காலம் தொடர்ந்த ஆய்வுகளில், காளான் அதிகம் சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் இதய நோயில் வேறுபாடு காணப்படவில்லை. எது சரி? எர்கோதியோனின் அதிகம் உள்ளவர்கள் காய்கறியும் அதிகம் உண்கிறவர்களாக இருக்கலாம். கூட்டிக் கழித்துப் பார்த்தால், காளான் நல்ல உணவு என்பதற்கு மேல் இன்று சொல்ல முடியாது. எர்கோதியோனின் சூட்டைத் தாங்கும் பொருள். குழம்பில் கொதித்தாலும் போய்விடாது. அதனால் அதற்காகச் சாறு வாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

சிப்பிக் காளானை மருந்தாகவே சாப்பிட்டுப் பார்த்த சோதனைகளும் உண்டு. ஜெர்மனியில் 20 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மூன்று வாரம் தினமும் 30 கிராம் உலர் சிப்பிக் காளான் சேர்த்த சூப்பைக் கொடுத்து, இன்னொரு பிரிவுக்குத் தக்காளி சூப் கொடுத்தார்கள். காளான் சூப் குடித்தவர்களிடம் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு குறைந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 30 கிராம் உலர் காளான் என்பது ஏறக்குறைய 300 கிராம் பச்சைக் காளான். கடையில் விற்கும் 200 கிராம் பொட்டலம் ஒன்றரை, ஒரு ஆளுக்கு, தினமும். அமெரிக்காவில் இதில் பாதி அளவை எட்டு வாரம் கொடுத்த இன்னொரு சோதனையில் கொழுப்பு இறங்கவில்லை.

எப்படிச் சமைக்கிறோம் என்பதும் கணக்கில் சேரும். மாவில் புரட்டிப் பொரித்த காளான் அறுபத்தைந்து தமனிக்குச் செய்யும் உபகாரம் எதுவும் இல்லை. கோவைத் தெருவோரத் தள்ளுவண்டியில் மாலை நேரத்தில் தட்டில் வரும் "காளான்" பெரும்பாலும் முட்டைக்கோசும் மைதாவும் சாஸும்தான். ருசிக்காகச் சாப்பிடலாம், இதயத்தின் பெயரால் வேண்டாம்.

மாத்திரை, அதன் மீதான பயம்

ஸ்டாட்டினுக்கான சான்று வேறு தரத்தில் இருக்கிறது. 1994இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் இதய நோய் உள்ள 4,444 பேரில் சிம்வாஸ்டாட்டின் போட்டவர்களின் மரணம் 30 சதவீதம் குறைந்தது. அதன் பிறகு வந்த பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தால், எல்டிஎல் ஒவ்வொரு 39 மில்லிகிராம் குறையும்போதும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் 2022இல் வெளியிட்ட ஆய்வு நம் வீடுகளுக்கு இன்னும் பொருத்தமானது. சுமார் 200 பேரை எட்டுப் பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராம், ஒன்றுக்கு வெற்று மாத்திரை, மற்றவற்றுக்கு மீன் எண்ணெய், பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி. 28 நாளில் ரோசுவாஸ்டாட்டின் எல்டிஎல்லை 38 சதவீத அளவுக்கு இறக்கியது. மற்ற ஆறும் வெற்று மாத்திரையை விட மேலாக எதையும் செய்யவில்லை. இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, ஆப்பிள் காடி, தேன் சேர்த்துக் காய்ச்சி வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தக் கஷாயத்தை நம்புகிறவர்கள் பூண்டின் மதிப்பெண்ணைக் கவனிக்க வேண்டும். அந்தப் பிரிவில் எல்டிஎல் கொஞ்சம் ஏறியே இருந்தது.

ஸ்டாட்டினுக்குப் பக்கவிளைவே இல்லை என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவர்களை அது சற்று முன்னதாகவே அந்தப் பக்கம் தள்ளலாம். தசை சிதைவு மிக அரிதாக வரும். கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. ஆனால் சாதாரணத் தசை வலி பெரும்பாலும் பயத்தின் விளைவு. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்கு லண்டனில் சில மாதம் ஸ்டாட்டினும் சில மாதம் வெற்று மாத்திரையும் சில மாதம் ஒன்றுமே இல்லாமலும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்டாட்டின் மாதங்களில் வந்த தொல்லையில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதங்களிலும் வந்தது. உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எசெட்டிமைப் இருக்கிறது, பெம்பிடோயிக் அமிலம் இருக்கிறது. இரண்டும் மாரடைப்பைக் குறைப்பதைப் பெரிய சோதனைகளில் காட்டியவை. விலையில் அட்டோர்வாஸ்டாட்டினை எதிர்க்கக் கேப்சூலால் முடியாது. மக்கள் மருந்தகத்தில் ஒரு மாத்திரை சில ரூபாய்தான். அரசு மருத்துவமனையில் அதுவும் இல்லை.

யாருக்கு எது

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்தவர் இந்தக் கட்டுரையின் கேள்வியைக் கேட்க வேண்டியதே இல்லை. மாத்திரைதான். அதை நிறுத்தச் சொல்லி யார் காளான் கொடுத்தாலும் அவர் உங்கள் உயிரோடு விளையாடுகிறார். இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி இவர்களுக்கு எல்டிஎல் 55க்குக் கீழே இருக்க வேண்டும். உணவாலோ கேப்சூலாலோ மட்டும் அந்த எண்ணைத் தொடுவது ஏறக்குறைய நடக்காத காரியம். நாற்பது கடந்த சர்க்கரை நோயாளிக்கும் என் பதில் பெரும்பாலும் இதேதான்.

உண்மையான தேர்வு இருப்பது எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கு. எல்டிஎல் 130 அளவில், சர்க்கரை இல்லை, புகை இல்லை, ரத்த அழுத்தம் சரி. இவர் மருத்துவரோடு பேசி மூன்று மாதம் கேட்டு வாங்கலாம். ஓட்ஸ் அல்லது பார்லி, பயறு, கைப்பிடி கடலை, கறிக்குப் பதில் காளான், தினம் அரை மணி நடை. பிறகு மறு பரிசோதனை. அப்பா ஐம்பது வயதுக்குள் மாரடைப்பில் போனவர் என்றால் மட்டும் இந்த அவகாசத்தைத் தாராளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களை விடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வந்தது. எல்லைக்கோட்டில் நிற்பவர், பரம்பரையாக வரும் ஒரு கொழுப்புத் துகளை அளக்கும் லிப்போபுரதம் ஏ என்ற பரிசோதனையையும், மருத்துவர் சொன்னால் இதயத் தமனியின் கால்சியம் ஸ்கேனையும் செய்துகொள்வது நல்லது. ஒரு வருடக் கேப்சூலுக்கு ஆகும் செலவை இதற்குப் பயன்படுத்தினால் கையில் ஒரு பதிலாவது கிடைக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும், மாத்திரையோடு சேர்த்துக் கனோடெர்மாவும் போட்டே தீருவேன் என்கிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் முழுக் காளானிலிருந்து எடுத்தது, பீட்டா குளுக்கான் அளவைத் தனியாகச் சொல்வது, கன உலோகச் சோதனை அறிக்கை காட்டுவது என்று மூன்றையும் கேட்டு வாங்கட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்கள் மருத்துவர் சம்மதம் இல்லாமல் தொட வேண்டாம். ஆஞ்சியோகிராமுக்கோ, பல் பிடுங்கவோ, எந்த அறுவைச் சிகிச்சைக்கோ தேதி குறித்தவுடன் புட்டியையே எடுத்துக்கொண்டு போய் மருத்துவரின் மேசையில் வையுங்கள். "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா" என்று அவர் கேட்கும்போது, அது உணவுதானே என்று நினைத்து இல்லை என்று சொல்லிவிடுகிறவர்கள் நம் ஊரில் அதிகம்.